பழம் முழுசா வந்தா ஜூஸு

எலுமிச்சம்பழம் நசுங்கும்போது பெரிய சத்தம் ஒன்றும் வராது. 'பச்சக்' என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். ஆனால் கும்மிடிப்பூண்டி ஷெட்டில் அன்று கேட்ட அந்தப் 'பச்சக்' இன்னும் என் காதில் இருக்கிறது.

சாறு நேராக மூர்த்தி சாரின் வெள்ளைச் சட்டையில் அடித்தது. ஒரு கொட்டை அவருடைய மூக்குக்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. அவர்தான் எங்கள் சூப்பர்வைசர். சுற்றி நின்ற பெண்களில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. சோதனை பெஞ்ச்சின் முன்னால் நின்ற தேவகிக்கா தன் வலது கையைத் தூக்கி, விரல்களை விரித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இன்னா ஸ்டெல்லா இது? கதவு தொறந்துதான கீது?"

திறந்துதான் இருந்தது. கதவு திறந்திருந்தால், பொருளை இறுக்கிப் பிடிக்கும் அந்தக் கிளாம்ப் மூடக் கூடாது. மூடாது என்று சொல்லி புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தவள் நான். இன்ஜினியரிங் கடைசி வருஷம், புராஜெக்ட் செய்ய வந்த மாணவி. கிளாம்ப் மூடிவிட்டது. பழம் இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் தோல் மட்டும் இருந்தது.

கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கதையை இப்போது ஏன் எடுத்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

பஸ்ஸில் ஒரு கேள்வி

போன மாதம் ஒரு காலை, கம்பெனி பஸ்ஸில் தேவகிக்கா என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தாள். கையில் நாஷ்டா டப்பா. இட்லியைப் பிட்டுக்கொண்டே பேச்சை ஆரம்பித்தாள்.

"எம் பொண்ணு திவ்யா கீதே, அது ஏதோ பரீட்ச எழுதணுமாம். நீ எழுதினியே, கம்பி இழுக்குற புரோகிராமு, அதேதான். காலேஜ்ல வெள்ளிக்கெழமக்குள்ள பேர் குடுக்கணுமாம். அதுவோ வேணான்னுது. எழுதட்டுமா வேணாமா, நீ ஒரு வார்த்த சொல்லு."

திவ்யாவும் எங்கள் கம்பெனியில்தான் இப்போது புராஜெக்ட் செய்கிறாள். பின் சீட்டிலிருந்து தலையை நீட்டினாள்.

"ஆன்ட்டி, அந்த சர்டிஃபிகேட் வேஸ்ட்டுன்னு எல்லாரும் சொல்றாங்க. வீடியோ பாத்தே கத்துக்கலாம். இப்பல்லாம் ஏஐ-யே எல்லாத்தையும் எழுதிக் குடுத்துடுது."

ஆன்ட்டி! முப்பது வயதைத் தாண்டி இரண்டு மூன்று வருஷம்தான் ஆகிறது எனக்கு. அந்தக் கடுப்பில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பரீட்சை எழுதலாமா என்ற அந்தக் கேள்விக்கு, படிக்கிற காலத்தில் நான் கொடுத்த முதல் பதில் இன்னொருத்தரின் பிழைப்புக்கே உலை வைக்கப் பார்த்த பதில்.

ஏணியும் கம்பியும்

எங்கள் ஊர் திருவாலங்காட்டுக்குப் பக்கம். அப்பா காலத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். அப்பா பிறகு இரும்பு உருட்டும் ஆலைக்குப் போனார். நான் டிப்ளமோ முடித்துவிட்டு, நேராக இன்ஜினியரிங் இரண்டாம் வருஷத்தில் சேர்ந்தேன்.

டிப்ளமோவில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த புரோகிராமுக்குப் பெயர் லேடர். பார்க்க ஏணி மாதிரியே இருக்கும். மெஷின் அதை மேல் படியிலிருந்து கீழ்ப் படி வரை வரிசையாகப் படிக்கும். முதலில் நடக்க வேண்டியதை மேலே போடு, அடுத்ததைக் கீழே போடு, வேலை முடிந்தது. இந்தப் பகுதியில் மெஷின் கன்ட்ரோல் பேனல் வேலை பார்த்த யாருக்கும் இது ரத்தத்தில் ஊறிய பழக்கம்.

கல்லூரிக்குப் போனால் அங்கே வேறு. கிராஃபிகல் புரோகிராமிங் என்றார்கள். திரையில் சின்னச் சின்னப் பெட்டிகள் இருக்கும். ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குக் கம்பி இழுக்க வேண்டும். கம்பி வழியாகத்தான் விவரம் போகும். விவரம் வந்து சேர்ந்த பெட்டி வேலை செய்யும், சேராத பெட்டி காத்திருக்கும்.

எனக்கு இது வெல்லம் மாதிரி இருந்தது. படம் வரைகிற வேலைதானே! இரண்டே மாதத்தில் வகுப்பில் எல்லோருக்கும் நான்தான் சந்தேகம் தீர்க்கிறவள். தலைக்கனம் வந்துவிட்டது. வந்தால் எளிதில் போகுமா?

ஷமீமின் நோட்டு

என் பக்கத்து சீட்டு ஷமீம். திருநின்றவூர்ப் பெண். வேகம் கிடையாது, நான் மூன்று புரோகிராம் முடிக்கும் நேரத்தில் அவள் ஒன்று முடிப்பாள். அவள்தான் அந்தச் சான்றிதழ் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நீல அட்டை போட்ட நோட்டில் மாதிரிக் கேள்விகளையெல்லாம் படத்தோடு வரைந்து வைத்திருப்பாள்.

"நீயும் எழுதுடி. ரெண்டு பேரும் சேந்து படிக்கலாம்" என்று நச்சரிப்பாள்.

"எதுக்கு? என் புரோகிராம் ஓடுதா இல்லயா? ஓடுற வண்டிக்கு எதுக்குடி ஜாதகம்?"

"ஓடுறது வேற, ஏன் ஓடுதுன்னு தெரியுறது வேற ஸ்டெல்லா."

"ஆமா, பெரிய தத்துவம். வா, சமோசா தீந்துடும்" என்று அவளைக் கேன்டீனுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவேன். அவளும் நோட்டை மூடிவிட்டு வருவாள். நல்ல பெண், கோபமே வராது. எனக்கு அவள் மேல் வந்திருக்க வேண்டிய மரியாதை அப்போது வரவில்லை. அதை இங்கே எழுதியாவது தீர்த்துக்கொள்கிறேன்.

கதவைத் திறந்து வைத்து ஒரு ஸ்டார்ட்

கடைசி வருஷம் கும்மிடிப்பூண்டியில் இந்தக் கம்பெனியில் புராஜெக்ட் கிடைத்தது. கார் எஞ்சினுக்குத் தண்ணீர் பம்ப் செய்கிற இடம். ஒவ்வொரு பம்ப்பையும் கிளாம்ப்பில் இறுக்கி, உள்ளே காற்றடித்து, எங்காவது ஒழுகுகிறதா என்று பார்ப்பார்கள். அந்தச் சோதனை பெஞ்ச் ஒன்றுக்குப் புதிதாகக் கதவு வைத்திருந்தார்கள். கதவு சாத்தினால்தான் கிளாம்ப் மூட வேண்டும். அந்த புரோகிராம்தான் என் புராஜெக்ட்.

விஷயம் தெரிந்தவர்கள் இங்கே பல்லைக் கடிப்பார்கள். கிளாம்ப்பைத் தள்ளி மூடும் காற்றைக் கதவு ஸ்விட்ச்சே நேராக நிறுத்திவிட வேண்டாமா, புரோகிராமை நம்பலாமா என்பார்கள். நியாயம்தான். இன்று அப்படித்தான் இருக்கிறது. அன்று அந்த இணைப்பு இன்னும் கொடுக்கப்படவில்லை.

ஏணிப் பழக்கத்தில் வரைந்தேன். 'கதவு சாத்தும் வரை காத்திரு' என்ற பகுதி மேலே. 'ஸ்டார்ட் அமுக்கினால் கிளாம்ப்பை மூடு' என்ற பகுதி கீழே. இரண்டுக்கும் நடுவில் கம்பி இல்லை. எதற்குக் கம்பி? மேலே இருப்பது முதலில் நடக்கும், கீழே இருப்பது பிறகு நடக்கும். எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்தேன், ஒரு தடவைகூடத் தப்பவில்லை. நான் ஒழுங்கான பெண். ஒவ்வொரு தடவையும் கதவைச் சாத்திவிட்டுத்தான் ஸ்டார்ட்டை அமுக்கினேன்.

அந்த லைன் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மெஷினுக்குப் புது புரோகிராம் ஏற்றினால், பம்ப் வைப்பதற்கு முன்னால் கிளாம்ப்பில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைப்பார்கள். பழத்துக்குக் குங்குமமும் உண்டு. கதவைத் திறந்து வைத்தபடியே ஸ்டார்ட்டை அமுக்குவார்கள். மெஷின் நல்ல மெஷினாக இருந்தால் அசையாது.

"பழம் முழுசா வந்தா ஜூஸு. நசுங்கிச்சுன்னா சண்ட" என்பாள் தேவகிக்கா. முழுசாக வந்த பழத்தை மதியம் பிழிந்து உப்புப் போட்டு எல்லோரும் குடிப்பார்கள்.

நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். லாரி சக்கரத்துக்கு அடியில் வைப்பது மாதிரி இதுவும் ஏதோ திருஷ்டி சமாசாரம் என்று நினைத்து, உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். பழம் இருக்கும் இடம் தங்கள் கை இருக்கும் இடம் என்று அந்தப் பெண்கள் கணக்குப் போட்டிருந்தது எனக்கு விளங்கவில்லை.

பிறகுதான் அந்தப் 'பச்சக்'.

மூர்த்தி சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கத்தினார். "கதவைத் தொறந்து வச்சிக்கிட்டு யாரு ஸ்டார்ட் அமுக்கச் சொன்னது? ரூல் தெரியாது? கை போயிருந்தா யார் பதில் சொல்றது?"

"கை போவக் கூடாதுன்னுதான் சார் பழம் வச்சது" என்றாள் தேவகிக்கா.

"எதிர்ப்பேச்சு வேற! காலையில கான்ட்ராக்டர்கிட்ட கேட் பாஸைக் குடுத்துட்டுப் போ."

தேவகிக்கா ஒப்பந்தத் தொழிலாளி. அந்த ஆள்கள் விஷயத்தில் கேட் பாஸைக் கொடு என்றால், நாளையிலிருந்து வேலை இல்லை என்று அர்த்தம். அவள் வீட்டுக்காரர் விட்டுவிட்டுப் போய் இரண்டு வருஷம். திவ்யா அப்போது மூன்றாம் வகுப்பு. தேவகிக்கா பெஞ்ச்சைத் துணியால் துடைத்தாள். சாறு பட்ட இடத்தை இரண்டு தடவை துடைத்தாள்.

அவளுக்காக நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காற்று வால்வு ரிப்பேராக இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். இருக்கும், இருக்கும் என்று நானும் தலையாட்டினேன். இதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

பெரியபாளையம் தாண்டும்போது

அன்று சாயங்காலம் திருவள்ளூர் பஸ்ஸில் தேவகிக்கா எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மல்லிகைச் சரம் வாடி, பின்னலில் ஒரு பக்கமாகத் தொங்கியது. பெரியபாளையம் தாண்டியதும் பொறுக்க முடியாமல் ஷமீமுக்குப் போன் செய்து, நடந்ததைச் சொன்னேன்.

"மேல இருக்கிறதுக்கும் கீழ இருக்கிறதுக்கும் நடுவுல கம்பி இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல. எதுக்கு? மேல இருக்கிறதுதான முதல்ல நடக்கும்?"

அந்தப் பக்கம் அவள் நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"கம்பி இல்லன்னா வரிசையே இல்லடி. எது வேணா முன்னாடி நடக்கும், ரெண்டும் சேந்தும் நடக்கும். என் நோட்டுல முதல் பக்கத்துக் கேள்வியே அதுதான். உங்கிட்டகூடக் கேட்டேன். நீ சமோசா தீந்துடும்னு இழுத்துக்கினு போயிட்ட."

அடிப்பாவி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். ஷமீம் அந்தப் பக்கத்தை உடனே போட்டோ எடுத்து அனுப்பினாள். இரண்டு பெட்டி, நடுவில் ஒன்றும் இல்லை. 'எது முதலில் ஓடும்?' என்று கேள்வி. 'சொல்ல முடியாது' என்று பதில். சிவப்பு மையில் இரண்டு கோடு வேறு போட்டிருந்தாள்.

முன் சீட்டைத் தொட்டு, "அக்கா, வால்வு இல்லக்கா. தப்பு என்னுது" என்றேன்.

தேவகிக்கா திரும்பினாள். "தெரியும்" என்றாள்.

"எப்படிக்கா?"

"ஒம் மூஞ்சி சொல்லிச்சே. நாளைக்கு அந்தாளுகிட்டச் சொல்லுவியா, மாட்டியா? அத்தச் சொல்லு."

பல்ப் பட்டன்

சொன்னேன். ராத்திரி முழுக்க ஜெபம் பண்ணிவிட்டு, காலையில் முதல் வேலையாகப் போய்ச் சொன்னேன். மூர்த்தி சார் நம்பவில்லை. அக்காவைக் காப்பாற்ற நான் பழியை ஏற்கிறேன் என்று நினைத்தார்.

அந்த மென்பொருளில் பல்ப் படம் போட்ட ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்கினால் புரோகிராம் மெதுவாக ஓடும். கம்பிகள் வழியாக விவரம் போவது சின்னப் புள்ளிகளாகத் தெரியும். கிளாம்ப் அசையாதபடி காற்றுக் குழாயை அடைத்துவிட்டு, கதவைத் திறந்து வைத்து, அந்த பட்டனை அமுக்கிக் காட்டினேன். மேலே ஒரு பகுதி கதவுக்காகச் சுற்றிச் சுற்றிக் காத்துக்கொண்டிருந்தது. ஸ்டார்ட்டை அமுக்கியதும், கீழே இருந்த புள்ளி யாரையும் கேட்காமல் நேராகப் போய் 'மூடு' என்ற பெட்டியில் விழுந்தது.

மூர்த்தி சார் இன்னொரு தடவை காட்டச் சொன்னார். பிறகு மூன்றாவது தடவை. மேலுக்கும் கீழுக்கும் நடுவில் நான் ஒரு கம்பி இழுத்துக் காட்டியதும் புள்ளி கதவுக்காக நின்றுவிட்டது.

"இவ பழம் வைக்கலன்னா இது எப்ப தெரிஞ்சிருக்கும்?" என்று அவர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

தேவகிக்காவின் கேட் பாஸ் அவளிடமே இருந்தது. மன்னிப்பெல்லாம் அவர் கேட்கவில்லை. சூப்பர்வைசர்கள் கேட்டு நான் பார்த்ததும் இல்லை. ஆனால் அடுத்த வாரம் மெஷின் சோதனைப் படிவத்தில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: கதவைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து பார்க்கவும். பெண்கள் அதற்குப் 'பழம் செக்கு' என்று பெயர் வைத்தார்கள். இன்றும் அதுதான் பெயர்.

என்னிடம் மட்டும் அவர் விரலை நீட்டிச் சொன்னார். "ஏதோ பரீட்சைன்னியே, உன் ஃபிரண்டு எழுதுறாள்னு. அதை எழுதிட்டு வா. அதுவரைக்கும் என் பெஞ்ச்ல கை வைக்காத."

பரீட்சை

எழுதினேன். ஷமீமும் நானும் அவள் நோட்டை வைத்துப் படித்தோம். சமோசா அவள் சொல்லும் நேரத்தில்தான். இரண்டு பேருமே தேறினோம். அவள் என்னைவிட நன்றாகத் தேறினாள். இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாள், எனக்குச் சந்தேகம் வந்தால் இன்றும் அவளுக்குத்தான் போன்.

அந்தத் தாளைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். அது வேலை வாங்கித் தராது. பால் பாக்கெட் மாதிரி அதற்கும் தேதி உண்டு. காலம் முடிந்தால் மறுபடி எழுத வேண்டும். என்னுடையது இரண்டு தடவை காலாவதியாகி இரண்டு தடவை எழுதியிருக்கிறேன்.

முதல் வேலைக்கு ஒரகடம் பக்கம் இன்டர்வியூ போனபோது, அங்கிருந்த பெரியவர் என் சர்டிஃபிகேட்டை வாங்கி, பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. கீழே வைத்துவிட்டு, "இதுவரைக்கும் எதையாவது உடைச்சிருக்கியாம்மா?" என்றார்.

"ஒரு எலுமிச்சம்பழம் சார்" என்றேன்.

அந்தக் கதை முழுவதையும் கேட்டார். வேலை கிடைத்தது. சில வருஷம் கழித்து இதே கும்மிடிப்பூண்டி கம்பெனி டெஸ்ட் இன்ஜினியராகக் கூப்பிட்டது. வந்து பார்த்தால் தேவகிக்கா நிரந்தர ஊழியராகி, லைன் லீடராகி, அதே பெஞ்ச்சின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

மறுபடியும் ஒரு பழம்

பேர் கொடுக்கக் கடைசி நாளான அந்த வெள்ளிக்கிழமை வந்தது. காலையில்தான் திவ்யா எழுதிய முதல் புரோகிராமை பெஞ்ச்சில் ஏற்றினோம். தேவகிக்கா பையிலிருந்து பழத்தை எடுத்தாள்.

பக்கத்து பெஞ்ச் மல்லிகா கேலி செய்தாள். "இன்னாக்கா, ஒம் பொண்ணு எழுதினதுக்கே பழமா? நம்பிக்க இல்லியா?"

"பொண்ணு என்னுதுதான். கையும் என்னுதாச்சே" என்றாள் தேவகிக்கா, குங்குமம் வைத்துக்கொண்டே.

"அதான் ஸ்விட்ச்சே காத்த நிறுத்திடுதே இப்போ?"

"ஸ்விட்ச்சு ஒரு நாளு கெட்டுப்போவாதா? போடி, வேலையப் பாரு."

கதவு திறந்திருந்தது. தேவகிக்கா ஸ்டார்ட்டை அமுக்கினாள். கிளாம்ப் அசையவில்லை. திரையில் சிவப்பாக, கதவைச் சாத்தவும் என்று வந்தது. பழம் உட்கார்ந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது. பெண்கள் கைதட்டினார்கள். தேவகிக்கா மகளைக் கட்டிக்கொள்ளவில்லை. பழத்தை எடுத்து அவள் கையில் வைத்தாள். திவ்யாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்த வயதில் அதே மாதிரி ஒரு முகம் எனக்கும் இருந்தது.

"பாத்தீங்களா ஆன்ட்டி? பழம் முழுசா வந்துச்சு. அப்ப பரீட்ச வேணாமில்ல?"

"பழம் ஸ்விட்ச்சு புண்ணியத்துல வந்திருக்கலாம். புரோகிராமைத் தொற."

திறந்தாள். கதவு பார்க்கும் பகுதிக்கும் கிளாம்ப் பகுதிக்கும் நடுவில், கச்சிதமாக ஒரு கம்பி. எனக்கே சந்தோஷமாக இருந்தது. அதன் மேல் விரலை வைத்தேன்.

"இந்தக் கம்பி எதுக்கு?"

திவ்யா கம்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"தெரியல ஆன்ட்டி. ஏஐ குடுத்த படத்துல அப்படித்தான் இருந்துச்சு."

"இதை எடுத்துட்டா என்ன ஆகும்?"

அவள் உதட்டைப் பிதுக்கினாள். தேவகிக்கா தன் வலது கையைத் தூக்கி, மகளின் முகத்துக்கு நேரே ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள். திட்டவில்லை. காட்டிவிட்டு, கையை இறக்கிக்கொண்டாள்.

"சாயங்காலம் வரைக்கும் பேர் குடுக்கலாமா ஆன்ட்டி?" என்று திவ்யா மெல்லக் கேட்டாள்.

"குடுக்கலாம். கோயம்புத்தூர்ல ஒரு நீல நோட்டு இருக்கு, வரவழைக்கிறேன்."

மதியம் ஜூஸ் போட்டார்கள். ஒரு பழம், ஏழு டம்ளர். எலுமிச்சையைக் காட்டிவிட்டு எடுத்த தண்ணீர் மாதிரிதான் இருந்தது. தேவகிக்கா உப்பைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டிருந்தாள். முதல் டம்ளரை வலது கையால் எடுத்து என்னிடம் நீட்டினாள். ஐந்து விரலும் சேர்ந்து பிடித்த அந்த டம்ளரை, நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.